காற்றுச்சொல்லியை நிறுத்துவது எப்படி

ஜூலை 3, வியாழன்

வெயில். காலை ஒன்பதுக்கே உட்துறைமுக வீதியில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. கப்பல் முகவர் கந்தோரில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் இல்லை. இரண்டு கப்பலின் சரக்குப் பத்திரங்கள் முடிந்தன. மூன்றாவது நாளைக்கு.

சாப்பாட்டு நேரத்தில் மின்னஞ்சல். காற்றுத் தரவு தரும் வெளிநாட்டுக்காரர்கள். பழைய வழி 31ஆம் திகதி மூடப்படுமாம், புது வழிக்கு மாறவேண்டுமாம். அவர்களுக்கு ஒரு வரி. எனக்கு ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

போதும். 31ஓடு நிறுத்துகிறேன். நிறுத்த முதல் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல்:

– காற்றுச்சொல்லி (இனி கா.சொ.). ஆறு வருடத்துக்கு முதல் நானும் நௌபரும் தொடங்கிய செயலி. காலை ஐந்துக்கும் பின்னேரம் நாலுக்கும் போன் தானாக வாயைத் திறந்து, காற்று எது, கடல் எப்படி என்று தமிழில் சொல்லும்.
– நிரல்: திறந்து வைத்திருக்கிறோம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். யாரும் எடுக்கவில்லை.
– பங்களிப்பாளர்: பட்டியலில் நாலு பேர். நௌபர் (கட்டாருக்குப் போய் மூன்று வருடம். கடிதத்துக்குப் பதில் இல்லை). கனடாவில் ஒருவர் (ஒருமுறை ஒரு காற்புள்ளியைத் திருத்தினார், பிறகு காணவில்லை). கோவை ஐயா (ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியர். முகம் கண்டதில்லை. எழுத்துப் பிழை பார்ப்பதில் அப்படி ஓர் ஆனந்தம்). நான்.
– பாவிப்பவர்கள்: எத்தனை பேர் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். புல்மோட்டையிலிருந்து ஈச்சிலம்பற்று வரை போனுக்குப் போன் கையால் மாற்றி மாற்றிப் போயிருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் என்று பெயர். கட்டு முழுக்க எனக்கு.

வீட்டுக்கு வந்து கணவர் ரவிக்குச் சொன்னேன். துறைமுகத்தில் இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். "விடன் சுகந்தி. உன்னை ஆர் கட்டி வச்சிருக்கினம்?" ஓம், நல்ல கேள்வி.

ஜூலை 5, சனி

நிறுத்துவது சுகம் என்று நினைத்தேன். என்னுடைய கணினி தரவு அனுப்பாமல் விட்டால் சரி, எல்லாப் போனும் வாயை மூடும். அப்படித்தானே? இல்லை.

நௌபர் அந்த நாளில் எழுதிய ஒரு துண்டை இன்று கண்டேன். தரவு வராவிட்டால், கடைசியாக வந்ததையே திரும்பச் சொல்லு. கடலோரம் சிக்னல் விட்டு விட்டு வரும், அதற்காகச் செய்தான். கெட்டிக்காரன். இப்போது நான் 31இல் நிறுத்தினால், போன்கள் 31ஆம் திகதிக் காற்றையே சொல்லிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை பேயாய் அடிக்கும்போதும் ஆடி மாதத்துக் கடலைச் சொல்லும். அதை நம்பி எவனாவது வள்ளத்தை இறக்கினால்?

திருத்தின செயலியை அனுப்பலாமே. எப்படி? கையால் மாற்றிய போன்களுக்கு நான் புதிதாக எதையும் அனுப்ப ஏலாது. சொற்பட்டியல் மட்டும்தான் நெட்டால் இறங்கும். மற்ற எல்லாம் போனுக்குள் உறைந்து கிடக்கிறது.

ஆக: நடத்தினால் வேலை. நிறுத்தினால் கொலை. கதவு திறந்துதான் இருக்கிறது, வெளியே போகத்தான் வழியில்லை.

நௌபருக்குப் போனில் ஏழாவது கடிதம். "உயிரோடதானே இருக்கிறீர்? ஒரு வரி போடும்." இரண்டு சரி அடையாளமும் நீலமாகின. வாசித்திருக்கிறான். பதில் இல்லை. நாய்.

வாங்க வேண்டியது: தேங்காய் 2, சவர்க்காரம், ரவியின் மருந்து.

ஜூலை 9, புதன்

கோவை ஐயாவிடமிருந்து சொற்பட்டியலுக்கு முப்பத்தெட்டுத் திருத்தங்கள். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு மூன்றைப் பார்த்தேன். 'பலமாய்' என்றதை 'பலமாக' ஆக்கியிருக்கிறார். நல்லது ஐயா, உங்கள் இஷ்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒப்புதல் கொடுத்தேன்.

தலையிடி. வெக்கை.

ஜூலை 10, வியாழன்

மானம் போயிற்று.

காலை மீன் வாங்கப் போனால், மீன்காரன் தூரத்திலேயே கத்துகிறான்: "அக்கா, இண்டைக்குக் கடலை பலமா வீசுதாமே! சாக்குக் கொண்டு வந்தனீங்களோ?" பக்கத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு விளங்கவில்லை. ஒருத்தி விடிய அது சொன்னதைப் பதிந்து வைத்திருந்தாள், போனை என் காதுக்குக் கிட்டப் பிடித்தாள். பிணம் கதைப்பது போல் அந்த மிஷின் குரல்: "நிலக்கடலைக் காற்று. பலமாக வீசும்."

கச்சான்! எங்களுக்கு இந்த மாதங்களில் மேற்கிலிருந்து அனல் மாதிரி வருகிற காற்றும் கச்சான், கோயில் திருவிழாவில் கடதாசிச் சுருளில் வாங்கித் தின்னுகிற நிலக்கடலையும் கச்சான். கோவை ஐயாவுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

கந்தோர் போகும் வழியெல்லாம் கடலைதான். ஆட்டோக்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், காவலாளி. காவலாளி மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "தங்கச்சி, வறுத்ததோ அவிச்சதோ?"

பட்டியலைத் திருத்தினேன். ஐயாவுக்கு எழுதினேன், கொஞ்சம் காரமாக. மத்தியானமே பதில்: "அம்மா, வட்டாரச் சொல்லைத் தவிர்த்துப் பொதுத்தமிழில் தரவேண்டும் என்ற ஆர்வத்தில் அகராதியை நம்பிவிட்டேன். காற்றுக்கும் அந்தப் பெயர் உண்டென்று அறியேன். இந்தப் பிழைக்கு நான் பரிகாரம் செய்தாக வேண்டும்." பாவம். ஒப்புதல் கொடுத்தது நான்தானே.

ஜூலை 12, சனி

கடலையில் ஒரு நன்மை. ஒரு சொல்லை மாற்றினால், அடுத்தமுறை வாய் திறக்க முதல் எல்லாப் போனுக்கும் போய்ச் சேருகிறது! செயலியைத்தான் தொட ஏலாது, அது சொல்லும் சொல்லைத் தொடலாம். அப்படியானால் நிறுத்தலாம். எல்லாச் சொல்லையும் எடுத்துவிட்டு, சேவை இல்லை என்று அதன் வாயாலேயே சொல்ல வைக்கலாம்.

31 வரை ஏன் பொறுக்க வேணும்? பின்னேரச் செய்தி போனபிறகு உட்கார்ந்து மாற்றினேன். காற்றின் பெயர் வரும் இடமெல்லாம் 'முடிந்தது'. கடல்நிலை வரும் இடத்திலும் 'முடிந்தது'. கடைசி வசனத்துக்கு 'இனி எதிர்பார்க்க வேண்டாம்'. திரையில் பார்த்தேன். சுருக்கமாக, மரியாதையாக, அறிவித்தல் பலகை மாதிரி இருந்தது.

ஆறு வருடத்துக்குப் பிறகு நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரவியோடு கோணேசர் கோயிலுக்குப் போவதாகக் கதை. எனக்கு அப்படி ஒரு சந்தோசம், சொல்லி வேலையில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஐந்தே காலுக்குப் போன் அடித்தது. நௌபரின் உம்மா, கிண்ணியாவிலிருந்து. கா.சொ. தொடங்கிய காலத்தில் அவ வீட்டுச் சோற்றைத்தான் தின்றுகொண்டு வேலை செய்தோம். அவவின் இளைய மகன் பாரிஸ், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவன்.

"மகள், என்ன இந்தப் போன் செல்லுது? முடிஞ்சுதாம். கடலும் முடிஞ்சுதாம். இனி எதிர்பாக்க வேணாமாம். எண்ட புள்ள நேத்துப் பின்னேரம் அசர் தொழுதிட்டுப் போனவன், இன்னம் வரல்ல மகள்…"

கடவுளே. நான் அதை வாசித்தேன், ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. காற்று முடிந்தது. கடல் முடிந்தது. இனி எதிர்பார்க்க வேண்டாம். கடலில் ஆள் இருக்கிற வீட்டில், விடியற்காலை ஐந்து மணிக்கு.

பழைய பட்டியலைத் திரும்பப் போட்டேன். அவசரத்தில் மூன்று தரம் பிழை. போட்டென்ன, போன்கள் இனி நாலு மணிக்குத்தான் வாய் திறக்கும். அதற்குள் என் போனுக்குப் பதினான்கு அழைப்புகள். சாம்பல்தீவில் பெண்கள் எல்லாரும் கரையில் இறங்கி நின்றார்களாம். ஒருத்தி மயங்கி விழுந்தாளாம். ஒவ்வொருத்திக்கும் சொன்னேன், ஒன்றுமில்லை, என்னுடைய பிழை, ஒன்றுமில்லை. "அப்ப ஏன் அக்கா அப்பிடிச் சொல்லிச்சுது?" என்னத்தைச் சொல்ல?

எட்டு மணிக்குள் வள்ளம் எல்லாம் வந்துவிட்டன. பாரிஸும் வந்துவிட்டான். கடல் தட்டையாகக் கிடந்ததாம்.

கோயிலுக்குப் போகவில்லை. குசினிக்குள், அடுப்படி நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். ரவி தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

ஜூலை 14, திங்கள்

கந்தோர் முடிய பஸ் ஏறிக் கிண்ணியாவுக்கு. பேச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். உம்மா ஏசவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டு, தின்ன இனிப்பாய்த் தொதல் தந்தா. அதைவிட ஏசியிருக்கலாம்.

பாரிஸ் சிரிக்கிறான். "அக்கா, உங்கட போனக் கேட்டா நாங்க கடலுக்குப் போற? காத்த மூஞ்சில பாப்பம். இந்தக் கரையில ஒருத்தரும் அத வள்ளத்துக்குக் கொண்டு போறல்ல."

ஆறு வருடம்! ஆறு வருடமாக மீனவரின் உயிரைக் காப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "அப்ப ஆர் கேக்கிறது?"

"வீட்ட இரிக்கிறவங்க."

உம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னா: "இவன் கடல்ல இரிக்கக்குள்ள என்னோட கதைக்கிறது அது ஒண்டுதான் மகள்."

நிறுத்தப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். சொல்லாமல் தொதலைத் தின்றேன்.

நௌபரைப் பற்றிக் கேட்டேன். கிழமைக்கு இரண்டு தரம் உம்மாவுக்கு எடுக்கிறானாம்! உம்மா அங்கேயே அவனுக்கு எடுத்து என்னிடம் நீட்டினா. இரண்டாவது மணி அடிக்கவே போனைத் தூக்கினான். என் குரல் கேட்டதும் சலாமை அரைவாசியில் விட்டான். பிறகு: "மன்னிச்சுக்கொள்ளுங்க சுகந்தி. முதல் கடிதத்துக்குப் பதில் போடேலாமப் போச்சு. பிறகு ஒவ்வொண்டுக்கும் வெக்கம் கூடிட்டு."

"வெக்கத்தோடயும் நிரல் எழுதலாம்," என்றேன். ஒரு மாதிரிச் சிரித்தான். ஒரு விசயம் மட்டும் சொன்னான்: ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் பதிவு செய்த குரல் போட அந்தநாளே ஓர் இடம் விட்டிருக்கிறானாம், ஒருநாளும் பாவிக்கவில்லை. வேறு உதவியும் செய்வானாம். நம்பவில்லை.

வரும்போது உம்மா வாசலில் வைத்துச் சொன்னா: "இனி அந்த மிசின் செல்லுறத நாங்க ஒருத்தரும் நம்ப மாட்டம் மகள். கடலையும் செல்லுது, புள்ள மௌத்தாப் போன மாதிரியும் செல்லுது. மனிசர் வாயால செல்லட்டும்."

ஜூலை 19, சனி

கோவை ஐயாவின் பரிகாரம் வந்து சேர்ந்தது. புதுத் தரவு வழிக்கு மாறும் நிரல் முழுவதையும் மனுசன் ஒரு கிழமையில் எழுதியிருக்கிறார். எழுபது வயதில் இதற்காகப் படித்தாராம். இந்தமுறை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இரண்டு இடம் பிழை. மற்றது அருமை. நான் ஒரு மாதம் மாரடித்திருப்பேன்.

சந்தோசப்பட வேண்டும். பட முடியவில்லை. நிறுத்துவதற்கு இருந்த ஒரே சாட்டும் போய்விட்டது.

நௌபர் விட்டுவைத்த இடத்தில் போடக் குரல்கள் வரத் தொடங்கிவிட்டன. உம்மா கிண்ணியாவில் சொல்லி, அங்கிருந்து மூதூருக்குப் போய், சாம்பல்தீவுக்கும் பரவி, என் போன் நிறையப் பெண்களின் குரல். மொத்தம் முப்பத்தொரு சொல், ஆளுக்கு இரண்டு மூன்று. உம்மா 'கச்சான்' சொல்லியிருக்கிறா, ஏதோ அவவுக்கு எதிரி மாதிரி. சாம்பல்தீவு ரமணி 'கொண்டல்', 'வாடை', 'கடல் அமைதி'. நல்ல தெளிவான குரல். 'மழை'க்குப் பின்னால் ஆடு கத்துகிறது. 'பலமாக' இடையில் குக்கர் விசில். ஆட்டை வைத்துக்கொண்டேன்.

கோவை ஐயா தானும் ஒரு சொல் சொல்லலாமா என்று கேட்டு அனுப்பினார். பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். உம்மாவின் தீர்ப்பு: "நல்ல மனிசன் போல. ஆனா நியூஸ் வாசிக்கிற மாதிரி இரிக்கி."

பங்களிப்பாளர் பட்டியல்: 15. சென்ற மாதம் 4. அதிலும் நடமாடியது நான் மட்டும். இப்போது மற்றப் பதினான்கு பேருக்கும் என் நம்பர் தெரியும்.

ஜூலை 24, வியாழன்

முப்பது சொல் வந்துவிட்டது. ஒன்று மட்டும் இல்லை.

செய்தியின் கடைசிச் சொல் மூன்றில் ஒன்றாக இருக்கும்: 'போக வேண்டாம்', 'கவனம்', 'பயமில்லை'. முதல் இரண்டும் இருக்கின்றன. 'பயமில்லை' ரமணியின் பங்கு. ஞாபகப்படுத்த எடுத்தேன்.

"அக்கா, அதை மட்டும் நான் சொல்ல மாட்டன்."

"ஏன் ரமணி?"

"எங்கட ஆள் போன அண்டைக்கு நான்தான் சொன்னனான். கடல் நல்லாக் கிடக்கு, பயமில்லை, போட்டு வாங்கோ எண்டு." பிறகு: "ஒன்பது வருசமாச்சு. வேற எதையும் சொல்லுறன். வேற ஆரிட்டயும் கேளுங்கோ அக்கா."

எனக்குத் தெரியாது. ரமணியின் புருசன் இல்லை என்பதுகூடத் தெரியாது. 'கடல் அமைதி' என்று சொல்லிய அந்தக் குரலைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு கேட்க ஏலாமல் நிறுத்தினேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஒருத்தியும் சொல்கிறாள் இல்லை. காலையிலிருந்து போன் பிடித்தபடி.

மூதூர்: "ஐயோ, என்ட வாயால வந்து, அண்டைக்கு ஒருத்தன் வராம விட்டா?"
சாம்பல்தீவு, ரமணியின் அயல்: "ரமணி சொல்லாததை நான் சொல்லுறதோ?"
உம்மா: "அல்லாஹ்! அத நான் செல்லுறதா? இன்ஷா அல்லாஹ் சேத்துச் செல்லட்டா?" சேர்த்தால் எல்லா வீட்டுக்கும் சரிவராது. சேர்க்காமல் உம்மா சொல்ல மாட்டா.
கோவை ஐயா: "அம்மா, எந்தச் சொல்லை வேண்டுமானாலும் கேளுங்கள். இதைக் கேட்காதீர்கள்."
நௌபர்: வாசித்துவிட்டு மௌனம். திருந்தவில்லை.

அப்படியானால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுகிறேன் என்று உம்மாவிடம் சொன்னேன். பதறிப் போனா. "அத எடுத்தாப் பொறகு என்ன இரிக்கி மகள்? அதுக்குத்தானே கேக்கிற!"

எல்லாருக்கும் கேட்க வேணும். ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது.

ரவி சோற்றைப் பிசைந்துகொண்டே: "நீ சொல்லன்."

"நான் விட்டிட்டுப் போறவள். என்ர குரலை எப்பிடி அதுக்குள்ள விட்டிட்டுப் போறது?"

"அதுதான் நானும் கேக்கிறன்," என்றார். எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். அப்படிக் கோபம் வந்தது எனக்கு. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபம்.

ஜூலை 31, வியாழன்

முகில் இல்லை. கச்சான் விடியத்திலிருந்து.

பி.ப. 1.00 – பழைய வழி மூடியது. ஐயாவின் நிரல் ஓடுகிறது. தரவு வருகிறது.
2.30 – நாலு மணிக்கான செய்தி உருவாகிவிட்டது. கச்சான் குறையும். கடல் அமைதி. கடைசி இடத்தில் வர வேண்டியது: பயமில்லை. அந்த இடம் வெறுமை.
3.10 – மனேச்சரிடம் சொல்லி, பழைய கோப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அந்தச் சொல்லைப் போனில் பதியத் தொடங்கினேன். விசிறி நிப்பாட்டியாச்சு. வியர்வை ஊற்றுகிறது.

1. அதட்டல் மாதிரி.
2. கேள்வி மாதிரி.
3. கப்பல் சங்கு குறுக்கே.
4. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் பிழை. சோப்பு விளம்பரம்.
5. அரைவாசியில் அழுகை.
6. ரமணியை நினைத்தேன். வாய் திறக்கவில்லை.
7. சொன்னேன்.

3.50 – ஏழாவதை ரவிக்கு அனுப்பினேன். உடனே எடுத்தார். "குரல் நடுங்குது சுகந்தி."

"தெரியும்."

"அதைத்தான் போடப் போறியோ?"

ஓம். நடுங்காமல் அதைச் சொல்லுகிறவளை நானென்றால் நம்ப மாட்டேன். 3.55க்குப் போட்டேன்.

4.00 – கந்தோருக்குக் கீழே தேத்தண்ணிக் கடையில் நிற்கிறேன். கடைக்காரரின் மனிசியின் போன் வாயைத் திறந்தது. முதலில் உம்மா. பிறகு ரமணி. பிறகு நான். அவ கேத்திலை இறக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தா.

4.06 – உம்மா எடுத்தா. பாரிஸ் மத்தியானமே போய்விட்டானாம். "கேட்டன் மகள். உண்ட குரல் எண்டு தெரிஞ்சிது. நல்லம். இனி நான் கொஞ்சம் படுப்பன்."

அவ படுப்பா. நான் மேலே ஏறி வந்து ஜன்னலைத் திறந்து, துறைமுகக் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தபடி நிற்கிறேன்.